கடைமடைக்கு வராத மராமத்து

மேட்டூரில் மதகு திறந்தார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்ததும் திருமலைராயன்பட்டினத்து விவசாயி நாற்றங்காலுக்கு ஓடிவிட மாட்டார். அவருக்கு விஷயம் தெரியும். தண்ணீர் முதலில் கல்லணைக்கு வரவேண்டும். அங்கிருந்து கிளை ஆறுகளில் பிரிய வேண்டும். நடுவிலே எத்தனையோ ஊர்கள், எத்தனையோ மதகுகள். எல்லாரும் பாய்ச்சிக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால் அது திருமலைராசன் ஆற்றின் வழியாகக் கடைமடைக்கு வந்து சேரும். 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி புதுச்சேரிக்கு, அதாவது காரைக்கால் வட்டாரத்துக்கு, ஆண்டுக்கு 7 டி.எம்.சி. தண்ணீர் உண்டு. காகிதத்தில் உண்டு என்பது ஒன்று. வயலில் நிற்பது வேறொன்று.

இப்பொழுது அதே ஊர் மக்களின் சட்டைப் பையிலே இன்னொரு கடைமடைத் தகராறு நடந்துகொண்டிருக்கிறது. இதிலே தண்ணீர் கிடையாது. வரவேண்டியது மராமத்து. எதற்கு மராமத்து? கைபேசிக்குள்ளே இருக்கும் 'கெர்னல்' என்ற பொருளுக்கு!

கெர்னல் என்றால் என்ன?

கைபேசியில் வங்கிக் கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் ஆடும் விளையாட்டு இருக்கிறது. படம் பிடிக்கும் காமிரா இருக்கிறது. இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் பல குடித்தனங்கள் மாதிரி. யாருக்கு எந்த அறை, யார் எப்போது கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம், யார் வீட்டுக்குள் யார் நுழையக் கூடாது என்று பார்த்துக்கொள்ள ஒரு காரியஸ்தர் வேண்டாமா? அந்தக் காரியஸ்தர்தான் கெர்னல். எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான் இருக்கும். விளையாட்டில் ஒரு கோளாறு என்றால் விளையாட்டு மட்டும் நிற்கும். காரியஸ்தரே ஏமாந்து போனால் ஒரு வீடும் பத்திரமில்லை.

ஆண்ட்ராய்ட் கைபேசிகள் அனைத்திலும் இருக்கும் காரியஸ்தர் ஒருவரே. அவர் பெயர் லினக்ஸ். 1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் இதை எழுதத் தொடங்கினார். அப்போது அது சுமார் 10,000 வரிகள். இன்று 3 கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். 2017 நவம்பர் முதல் அந்த 500-லும் இதே லினக்ஸ்தான். பட்டினச்சேரி மீனவர் ஏலப் பணத்தை வாங்கிக்கொள்ளும் கைபேசியிலும் அதேதான்!

மூன்று கோடி வரிகளை மனிதர்கள் எழுதினால் தவறு இல்லாமல் இருக்குமா? இருக்காது. ஆகவே தவறு தேடுவதும் அதைச் சரிசெய்வதுமே ஒரு பெரிய தொழிலாக நடந்து வருகிறது.

இதில் ஒரு விசேஷம். லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தவறு கண்டால் திருத்தி அனுப்பலாம். திருத்தம் சாதாரண மின்னஞ்சலிலேதான் போகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் படித்துப் பார்ப்பார், கேள்வி கேட்பார், பல தடவை திருப்பி அனுப்பிவிடுவார். சம்மதம் என்றால் தன் கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்புவார். கடைசியாக டார்வால்ட்ஸிடம் போய்ச் சேரும். 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு. ஒரு பதிப்பில் 10,000-க்கு மேற்பட்ட திருத்தங்கள். ஊர் கூடி வாய்க்கால் தூர் வாருவதைக் குடிமராமத்து என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள் அல்லவா? இதுவும் குடிமராமத்துதான். ஆனால் இன்று மண்வெட்டி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். அதை மறந்துவிட்டு, எல்லாம் தர்மத்துக்கு நடக்கிறது என்று புகழ்வது சரியல்ல.

நம் நாட்டுக்காரர்களும் இதில் கை வைத்திருக்கிறார்கள். 2002-ம் ஆண்டு லினக்ஸில் ஓர் அருமையான உத்தி சேர்ந்தது. பலர் ஒரு தகவலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதை எப்படி மாற்றுவது என்பது கேள்வி. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பார்த்து முடிக்கட்டும். புதிதாக வருகிறவர் புதுப் பஞ்சாங்கத்தைப் பார்க்கட்டும். பழையதைப் பிறகு சாவகாசமாக எடுத்துவிடலாம் என்பதே பதில். கேட்டால் எளிது. செய்வது மகா கஷ்டம். அதை லினக்ஸில் கொண்டுவந்து சேர்த்தவர்களில் தீபங்கர் சர்மா என்ற இந்திய என்ஜினீயரும் ஒருவர்.

திரும்பி வராத சாவி

இனி கதைக்கு வருவோம். இது உண்மைக் கதை.

கூகிள் கம்பெனி ஒரு யந்திரத்தை வேலைக்கு வைத்திருக்கிறது. இரவு பகலாகக் கெர்னலிடம் தாறுமாறான கேள்விகளைக் கேட்பதே அதன் வேலை. எந்தக் கேள்விக்குக் கெர்னல் தடுமாறி விழுகிறதோ அதைக் குறித்து எல்லாருக்கும் கடிதம் போட்டுவிடும். 2017 நவம்பரில் அந்த யந்திரம் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. ஆண்ட்ராய்டில் ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குச் சேதி கொண்டுபோகும் 'பைண்டர்' என்ற பகுதியில் அந்த ஓட்டை இருந்தது.

ஓட்டை எப்படிப்பட்டது? குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். சாவியை மட்டும் திருப்பித் தரவில்லை. வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பழைய ஆள் அந்தச் சாவியைப் போட்டு நடு இரவில் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? நினைவகத்தில் நடந்தது அதேதான். காலி செய்த இடத்தின் முகவரியைக் கெர்னல் மறக்காமல் வைத்திருந்தது. அதைத் தெரிந்துகொண்ட எத்தன் காரியஸ்தரின் இடுப்புச் சாவியையே பறித்துக்கொள்ளலாம்.

2018 பிப்ரவரியில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். லினக்ஸ் தலைமடையில் அடைபட்டது. கூகிள் வைத்திருக்கும் ஆண்ட்ராய்ட் பொதுப் பதிப்புகளிலும் அடைபட்டது. காரியம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

முடியவில்லை! 2019-ம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் கூகிளிலேயே பாதுகாப்பு ஆராய்ச்சி செய்யும் மாடி ஸ்டோன் என்ற பெண்மணி, அதே ஓட்டை கைபேசிகளில் திறந்தே கிடப்பதைக் கண்டார். உளவு வேலைக்கு அதை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலும் இருந்தது. அக்டோபரில் விவரம் வெளியாயிற்று. ஆபத்துக்கு உள்ளான கைபேசிகளின் பெயர்களும் வந்தன. கூகிள் தானே விற்ற பிக்சல் 2 அதில் இருந்தது. சாம்சங்கின் விலை உயர்ந்த கைபேசிகள் இருந்தன. ரெட்மி 5ஏ என்ற கைபேசியும் இருந்தது. இந்தக் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். 2017 கடைசியில் நம் நாட்டில் 5,000 ரூபாய்க்குள் விற்பனைக்கு வந்த கைபேசி அது. முதல் முதலாகக் கைபேசி வாங்கிய ஏழை எளியவர் பலர் அதைத்தான் வாங்கினார்கள்.

தலைமடையில் அடைத்த ஓட்டை கடைமடையில் 20 மாதம் திறந்து கிடந்தது. ஏன்?

நடுவில் எத்தனை மதகு!

லினக்ஸ்காரர்கள் தங்கள் பேச்சிலேயே ஆற்றின் மேல்புறம், கீழ்ப்புறம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். டார்வால்ட்ஸ் இருப்பது மேல்புறம். அங்கிருந்து நீண்ட காலப் பதிப்பு என்று ஒன்று பிரிகிறது. அதிலிருந்து ஆண்ட்ராய்ட் பதிப்பு. அதை வாங்கி 'சிப்' செய்யும் கம்பெனி தனக்கு ஏற்றபடி மாற்றும். அதைக் கைபேசிக் கம்பெனி வாங்கி இன்னும் மாற்றும். ஒவ்வொரு மதகிலும் ஒருவர் நின்றுகொண்டு, 'இந்தத் திருத்தம் நமக்கு வேண்டுமா?' என்று யோசிக்கிறார். பைண்டர் ஓட்டைக்கு வந்த திருத்தத்தின் மேல் 'அபாயம்' என்று யாரும் எழுதவில்லை. மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அறிக்கையிலும் அது சேரவில்லை. ஆகவே ஏற்கெனவே விற்றுப்போன கைபேசிகளுக்கு அதை யாரும் கொண்டுபோகவில்லை.

இன்னொரு காரணம் பணம். 15,000 ரூபாய்க்குக் கீழே விற்கும் கைபேசியில் கம்பெனிக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். விற்று முடித்த சரக்குக்கு ஆண்டுக்கணக்கில் என்ஜினீயர் வைத்துப் பழுது பார்க்க அதற்கு மனம் வருமா? கூகிள் 2023-லும் சாம்சங் 2024-லும் தங்கள் உயர்ந்த ரகக் கைபேசிகளுக்கு 7 ஆண்டு மராமத்து என்று உறுதி கொடுத்தன. நல்ல காரியம். ஆனால் அவை தலைமடை வயல்கள்!

தலைமடையிலும் ஆள் பஞ்சம். 2017-ல் நீண்ட காலப் பதிப்புகளை 6 ஆண்டு பராமரிப்பதாகச் சொன்னார்கள். 2023-ல் அதையே 2 ஆண்டாகச் சுருக்கப்போவதாகத் தெரிவித்தார்கள். பராமரிப்பாளர்கள் களைத்துப் போய்விட்டார்கள் என்பதும், பழைய பதிப்பை எடுத்து உபயோகிப்போர் குறைவு என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கைகொடுக்கும் கம்பெனி இருந்தால் சில பதிப்புகளுக்கு நீட்டிப்பு கிடைக்கிறது. அவ்வளவுதான்.

அவசரமும் ஆபத்து

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 'சோதிக்காமல் அனுப்பினால் ஆபத்து' என்கிறார்கள். அது பொய்யில்லை.

காளமேகப் புலவர் கோபத்தோடு பாடிய பாட்டினால் மண்மாரி பொழிந்து திருமலைராயன்பட்டினம் அழிந்தது என்று கதை சொல்வார்கள். அது கதை. 2024 ஜூலை 19-ந் தேதி நடந்தது கதையல்ல. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்புக் கம்பெனி விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சிறு திருத்தத்தை அனுப்பியது. அதன் நிரல் கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. 21 விவரம் எதிர்பார்த்த இடத்தில் 20 விவரமே இருந்தது. இல்லாத 21-வதைத் தேடிப் போன கெர்னல் விழுந்தது. 78 நிமிஷத்தில் திருத்தத்தை வாபஸ் வாங்கியும் பயனில்லை. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தனித்தனியே ஆள் போய் எழுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே சோதனை வேண்டும் என்பது சரி. சோதனைக்கு ஒரு வாரம் கேட்கட்டும். ஒரு மாதம் கேட்கட்டும். 20 மாதத்துக்குச் சோதனை என்று பெயர் வைக்க முடியாது.

சர்க்கார் என்ன செய்யலாம்?

ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலுக்கு வந்திருக்கிறது. ஒரு கைபேசி மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு அதற்கு மென்பொருள் திருத்தங்கள் கிடைக்க வேண்டும் என்பதே அது. விதியின் வாசகத்தில் சந்து தேடும் கம்பெனிகளும் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, பொருள்களுக்குப் 'பழுதுநீக்கக் குறியீடு' கொடுக்கலாம் என்று 2025 மே மாதம் அறிக்கை தந்தது. கைபேசியும் அதில் உண்டு. மென்பொருள் திருத்தமும் கணக்கில் சேரும். மார்க்கு போட்டுக்கொள்வது கம்பெனியே என்பதுதான் அதில் உள்ள பலவீனம்.

மருந்துப் பாட்டிலில் காலாவதித் தேதி அச்சடிக்கிறார்கள். ரொட்டிப் பொட்டலத்தில் அச்சடிக்கிறார்கள். கைபேசிப் பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்திலேயே, 'இன்ன தேதி வரை மராமத்து உண்டு' என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கச் சொன்னால் என்ன? இதற்குப் பெரிய செலவு இல்லை. 9,000 ரூபாய்க் கைபேசிக்கு 2 ஆண்டு, 10,000 ரூபாய்க் கைபேசிக்கு 4 ஆண்டு என்று தெரிந்தால் எதை வாங்குவது என்று மீனவப் பெண்மணி தானே முடிவு செய்வார். இன்று அவருக்கு காமிரா எத்தனை மெகாபிக்சல் என்பதை மட்டும்தான் சொல்கிறார்கள்.

தலைமடைக்கு ஆள் வேண்டும் என்றோம். அதற்கும் இந்த வட்டாரத்திலேயே வழி இருக்கிறது. காரைக்காலுக்கு வடக்கே திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. லினக்ஸ் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனம், கெர்னல் தவறுகளைத் திருத்தப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது. ஷுவா கான் என்ற அம்மையார் அதை முன்னின்று நடத்தியவர். 'சி' மொழி தெரிய வேண்டும், பொறுமை வேண்டும். மேலே சொன்ன கூகிள் யந்திரம் கண்டுபிடித்த தவறுகளின் பட்டியல் பகிரங்கமாகவே கிடக்கிறது. அதில் ஒன்றை எடுத்து முட்டி மோதிப் பார்க்கக் காரைக்காலுக்கும் கலிபோர்னியாவுக்கும் வித்தியாசம் இல்லை. முதல் திருத்தம் அநேகமாகத் திரும்பி வரும். ஏன் வந்தது என்று எழுதியும் இருக்கும். எந்தக் கல்லூரியில் இப்படி வரிக்கு வரி திருத்திக் கொடுக்கிறார்கள்?

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கைபேசியில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போய் 'அபவுட் போன்' என்பதைத் திறந்து பாருங்கள். கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த தேதி அதில் இருக்கும். ஓராண்டுக்கு முந்திய தேதியாக இருந்தால், பணம் அனுப்பும் வேலையை அந்தக் கைபேசியில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. அதே பக்கத்தில் 'கெர்னல் வெர்ஷன்' என்று ஓர் எண் இருக்கும். 4.14 என்று ஆரம்பித்தால் அந்த ஆற்றின் தலைமடை 2024 ஜனவரியிலேயே மூடியாயிற்று. 4.19 என்றால் 2024 டிசம்பரில். அதற்குப் பிறகு கைபேசிக் கம்பெனி தன் சொந்தச் செலவில் அடைத்துத் தந்தால்தான் உண்டு.