மே மாதத்துக்குக் கோட்டு தைப்பதில்லை

போன வைகாசியில் ஒரு கோட்டு என் கடைக்குத் திரும்பி வந்தது. பத்து நாளுக்கு முன்புதான் தைத்துக் கொடுத்திருந்தேன். கருநீல வெல்வெட், உள்ளே வெயிஸ்ட் கோட்டு, பேன்ட் என்று முழு செட். மாப்பிள்ளையின் அப்பா மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் விரித்தார். அக்குளில் லைனிங் பிரிந்திருந்தது. முதுகின் உள்பக்கம் வியர்வை காய்ந்து, உப்பு பூத்து, கடற்கரை ஓரம்போல வெள்ளைக் கோடுகள். “கறை போகுமா மாஸ்டர்?” என்றார். வெல்வெட்டைத் தண்ணீரில் அலச முடியாது. டிரை கிளீனிங்குக்கு உப்பு முழுசாகக் கரையாது. “பார்க்கலாம்ணே” என்று வாங்கி வைத்தேன். இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது.

அந்தக் கோட்டைப் போட்ட கல்யாண ரிசப்ஷனுக்கு நானும் போயிருந்தேன். மதுரைக்கு வெளியே, ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு புல்வெளி. ஆறரைக்கு மேடை ஏறினார்கள். சூரியன் இறங்கிவிட்டது, ஆனால் பகலெல்லாம் குடித்த சூட்டைத் தரை அப்போதுதான் கக்கிக்கொண்டிருந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் வீடியோ லைட். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கைகொடுத்துப் போட்டோ எடுத்து முடிக்க ஒன்பதே முக்கால் ஆயிற்று. பையன் கோட்டைக் கழற்றக் கை வைத்தபோதெல்லாம் போட்டோகிராபர், “கோட்டோட இருங்க பிரதர்” என்றார். தங்கைக்காரி டிஷ்யூ தாளால் அண்ணன் கழுத்தை ஒற்றியபடியே நின்றாள். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து, தோள் எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அளவெடுத்த அன்றைக்கே, “தம்பி, எங்கே விசேஷம், எந்த மாசம்?” என்று கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அழைப்பிதழில் ‘டிரஸ் கோட்: ஃபார்மல்’ என்று போட்டிருந்தார்கள். அந்த வரி இப்போது நிறையப் பத்திரிகைகளில் வருகிறது. வந்தவர்களும் பாவம், அதற்குக் கட்டுப்பட்டு வந்திருந்தார்கள். பாதிப்பேர் கோட்டில், மீதிப்பேர் முழுக்கைச் சட்டையும் டையுமாக. சாப்பாட்டு வரிசையில் கோட்டுகள் எல்லாம் நாற்காலி முதுகில் தொங்கின. கல்யாண மண்டபத்தில், ஏசியில், கோட்டு அழகுதான். நானே தைத்துத் தருகிறேன், கூலியும் நன்றாக வாங்குகிறேன். கத்திரி வெயிலில் திறந்த புல்வெளிக்கு அது மரியாதையான உடை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு கோட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தைக்கிறவனுக்குத்தான் தெரியும். மேலே துணி. அதற்கு அடியில் மார்புக்கு கேன்வாஸ். தோளுக்குப் பஞ்சு வைத்த பேடு. எல்லாவற்றையும் மூடி உள்ளே லைனிங், அதுவே ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும். கடையில் கிடைக்கிற லைனிங் பெரும்பாலும் பாலியஸ்டர். கோயம்புத்தூரில் ஜவுளி படித்த என் மகள் இதை எனக்குக் கணக்காகவே சொன்னாள்: பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. உடம்பில் வழிகிற வியர்வை ஆவியாகப் போனால்தான் சூடு இறங்கும். அதற்கு வழிவிடாத துணியை உடம்பை ஒட்டிப் போட்டுவிட்டு, மேலே இன்னும் மூன்று அடுக்கு ஏற்றினால் என்ன ஆகும்? பத்தாயிரம் ரூபாய் செலவு செய்து, தைத்த பிளாஸ்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

பல வருஷத்துக்கு முன்னால் இங்கே ஆராய்ச்சிக்கு வந்திருந்த அமெரிக்க வாத்தியார் ஒருவர், கட்டம்போட்ட கைத்தறித் துணியைக் கொண்டுவந்து கோட்டு தைக்கச் சொன்னார். பார்த்தால் கைலித் துணி. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கைலியில் கோட்டா சார்? அவர் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரில் கோடைகால விருந்துக்கு இதுதான் மரியாதைப்பட்ட உடை என்றார். துணிக்குப் பெயரே ‘மெட்ராஸ்’. அறுபதுகளில் அந்தத் துணி அங்கே சக்கைப்போடு போட்டதாம். துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி ஒரு கட்டம் இன்னொன்றில் கலப்பதையே பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள். நம் ஊரில் சாயம் போனால் கடைக்காரன் சட்டையைப் பிடிப்போம். அவருக்கு லைனிங் இல்லாமல், தோள் பேடு இல்லாமல் தைத்துக் கொடுத்தேன். கையில் எடுத்தால் சட்டை கனம்தான் இருந்தது. சென்னைப் பட்டணத்தின் பெயரைச் சுமந்த துணியில் அவர்கள் கோடையைக் கழிக்க, நாம் அவர்களுடைய குளிர்காலக் கோட்டை இங்கே மே மாதத்தில் போட்டுத் திரிகிறோம். இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது?

கறுப்புக் கோட்டு போட்டே ஆகவேண்டிய வக்கீல்களுக்குக்கூட கொஞ்சம் இரக்கம் காட்டப்பட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் நீங்கலாக மற்ற கோர்ட்டுகளில் கோடையில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிற என் வாடிக்கையாளர்கள் அந்தச் சலுகையைச் சந்தோஷமாக அனுபவிக்கிறார்கள். உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகிறவர்கள் என்னிடம் வந்து, “லைனிங்கைப் பாதியோட நிறுத்திருங்க மாஸ்டர்” என்கிறார்கள். நீதிமன்றத்துக்கே இருக்கிற கருணை கல்யாண வீட்டுக்கு வேண்டாமா?

சரி, கோட்டு இல்லாமல் எதைப் போடுவது என்று கேட்பீர்கள். ஆண்களுக்கு வேட்டியை மிஞ்சி ஒன்றும் இல்லை. எட்டு முழம் டபுள் வேட்டி, கொஞ்சம் கஞ்சி போட்ட வெள்ளைப் பருத்திச் சட்டை. கஞ்சி விறைப்பு துணியை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்தும், இடையில் காற்று ஓடும். வேட்டி ‘ஃபார்மல்’ ஆகுமா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால் அதற்கு 2014-லேயே தீர்ப்பாகிவிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போனதால் சென்னையில் ஒரு கிளப் அவரை உள்ளே விடவில்லை. அது ஜூலை. ஆகஸ்டில் சட்டமன்றம் சட்டமே போட்டுவிட்டது: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வேட்டி நிற்காது, இடுப்பில் தங்காது என்று பயப்படும் பையன்களுக்குக் காலர் வைத்த முட்டிவரை பருத்திக் குர்தா தைத்துத் தருகிறேன். போட்டோவில் கோட்டைவிட நன்றாகவே விழுகிறது.

திறந்தவெளியில் கோடை விழா எங்கள் ஊருக்குப் புதிதா என்ன? சித்ரா பௌர்ணமிக்கு அழகர் வைகையில் இறங்குகிறார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே கண்விழித்துக் காத்திருக்கும்; பச்சை என்றால் அந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று ஒரு நம்பிக்கை. நான் 1986-இல் புதுமண்டபத்தில் காஜா எடுக்கிற பையனாகத் தொழிலுக்கு வந்தவன். இப்போது அங்கிருந்த தையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. புதுமண்டபத்தில் நான் முதலில் தைக்கப் பழகியது, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடை. அதுவும் பளபளக்கிற சாட்டின்தான், காற்றுப் புகாது. ஆனால் போட்டிருப்பவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொப்பலாக நனைகிறார். ரிசப்ஷன் மேடையில் அப்படி யாரும் பீய்ச்சப் போவதில்லை.

பெண்கள் பாடு இதைவிடக் கஷ்டம். கனமான கல்யாணப் பட்டு முக்கால் கிலோ, ஒரு கிலோ இருக்கும். அதன் அடியில் லைனிங் வைத்த ரவிக்கை, நைலான் பாவாடை. வியர்வை பட்டால் பட்டில் கறை நிற்கும், ஜரிகை கறுக்கும். அந்த ரிசப்ஷனுக்கு என் மனைவி சுங்குடி கட்டிக்கொண்டு வந்தாள். அரக்குச் சிவப்பு, வெள்ளைப் புள்ளி, மெல்லிய ஜரிகைக் கரை. வாசலில் ஒரு அம்மா, “என்னக்கா, ரிசப்ஷனுக்குப் போய் சுங்குடியா?” என்றார். மதுரையில் சுங்குடி என்றால் ஆச்சிமார் வீட்டில் கட்டுவது என்று ஒரு எண்ணம் ஒட்டிக்கிடக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் சௌராஷ்டிரப் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்து எடுத்தது. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலை. ஒன்பது மணிக்கு அதே அம்மா என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, இந்தச் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார். சுங்குடி பிடிக்காவிட்டால் காரைக்குடிக் கண்டாங்கி இருக்கிறது, கோவைக் கோரா இருக்கிறது. ரவிக்கைக்கு லைனிங் வேண்டுமென்றால் பருத்தியில் வைக்கச் சொல்லுங்கள். டெய்லர் தானாகச் செய்ய மாட்டார். கடையில் சட்டென்று கிடைக்கிற பாலியஸ்டரைத்தான் வைத்துவிடுவோம். உள்ளதைச் சொல்கிறேன்.

நிறத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். வெயில் காலம் என்று இளஞ்சாம்பலும் வெளிர்நீலமும் எடுப்பார்கள். வியர்வை ஈரத்தை ஊருக்குக் காட்டிக்கொடுப்பது அந்த இரண்டும்தான். வெள்ளையில் தெரியாது, பொடிக்கட்டத்தில் தெரியாது. சாயங்காலத்துக்குக் கருநீலமும் சரி, துணி பருத்தியாக இருந்தால். புல்தரையில் ஊசிக் குதிகால் செருப்பு புதையும். அன்றைக்கு இரண்டு பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார்கள்.

விருந்து வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகையில் ‘ஃபார்மல்’ என்று ஒற்றை வார்த்தை போட்டு நிறுத்தாதீர்கள். ‘பருத்தி வேட்டி, பருத்திச் சேலை, உங்கள் வசதி’ என்று ஒரு வரி சேர்த்தால் அச்சுக்கூலி கூடிவிடாது. வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் நடப்பார்கள், அதனால் மாப்பிள்ளை முதலில் கோட்டைக் கழற்ற வேண்டும். போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த வருஷம் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு வந்த ஏழு கோட்டுகளில் நாலைத் திருப்பி அனுப்பினேன். மூன்று பேருக்கு மண்டபம், ஏசி; தைத்துக் கொடுத்தேன். பக்கத்துக் கடைக்கு நல்ல வியாபாரம், அதில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் அளவு கொடுக்க வரும்போது கல்யாணப் பத்திரிகையையும் கையோடு கொண்டுவாருங்கள். இடம் எது, மாதம் எது என்று பார்த்துவிட்டுத்தான் டேப்பை எடுப்பேன்.