காரணி வேற, காரணம் வேற

'ரிஸ்க் ஃபேக்டர்' என்பதை நாம 'ஆபத்துக் காரணி'ன்னு தமிழ்ப்படுத்தறோம். படிக்கறவங்க காதுல விழறது என்னவோ 'காரணம்' மட்டும்தான். இதனால யாருக்கு நஷ்டம்னு கேட்டா, நோய் வந்த குழந்தையோட அப்பா அம்மாவுக்குன்னு சொல்லுவேன்.

குழந்தைகளுக்கு வர்ற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையே எடுத்துக்குவோம். நரம்பு இழைகளைச் சுத்தி மயலின்னு ஒரு உறை இருக்கு, மின்கம்பிக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் மாதிரி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்குறதுதான் இந்த வியாதி. ஒரு கண்ணுல பார்வை மங்கும், கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பெரும்பாலும் 20 வயசுக்கு மேலதான் வரும். ஆனா இந்த நோய் இருக்கறவங்கள்ல நூத்துக்கு 3லேருந்து 10 பேருக்கு 18 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சுடுது.

வந்ததும் விசாரணை தொடங்கிடும். "உங்க வம்சத்துல யாருக்காவது இருந்துதா? வெயில்லயே விடாம வளர்த்தீங்களா? அந்தத் தடுப்பூசி போட்டீங்களே, அதுவா இருக்குமோ?"

முதல்ல வம்சம். எச்.எல்.ஏ. மரபணுக்கள்ல டி.ஆர்.பி.1*15:01னு ஒரு வகை இருந்தா ஆபத்து சுமார் 3 மடங்கு. இது போக, ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தற மரபணு இடங்கள் 200க்கு மேல இருக்குன்னு 2019ல சொன்னாங்க. சரி, எல்லாம் தலையெழுத்துதானா? ஒரே மாதிரி மரபணு உள்ள இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்தா, இன்னொருத்தருக்கும் வர்றது சுமார் நாலுல ஒரு ஜோடிக்குத்தான். மத்த மூணு ஜோடியில வரலையே!

அடுத்தது கிருமி. அமெரிக்க ராணுவத்துல இருந்த 1 கோடிப் பேருக்கு மேல ஆராய்ஞ்சு 2022ல ஒரு முடிவு வெளியிட்டாங்க. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொத்தின பிறகு இந்த நோய் வர்ற ஆபத்து 32 மடங்கு கூடுதாம். பெரிய கண்டுபிடிப்புதான். ஆனா உலகத்துல பெரியவங்கள்ல நூத்துக்கு 90 பேருக்கு மேல அந்த வைரஸ் உடம்புல இருக்கு. அவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்களுக்கு இந்த நோய் வர்றதே இல்லை.

வெயில் கேள்வியிலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. வைட்டமின் டி குறைவும், உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டும்னு குழந்தைகள்கிட்ட செஞ்ச மரபணு ஆய்வு ஒண்ணு 2017ல காட்டுச்சு. அங்கயும் 'கூட்டும்'தான். 'உண்டாக்கும்' இல்லை.

தடுப்பூசிக் கதைதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. ஹெபடைடிஸ் பி ஊசியால இந்த நோய் வருதுன்னு பிரான்ஸ்ல பெரிய பீதி. 1998ல பள்ளிக்கூடங்கள்ல அந்த ஊசி போடறதையே அரசாங்கம் நிறுத்தி வெச்சது. 2007ல அதே நாட்டு ஆய்வுக்குழு ஒண்ணு ரெண்டு முடிவு வெளியிட்டுச்சு. ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஆபத்து கூடலை. ஆனா வீட்டுல பெற்றோர் புகைபிடிச்ச குழந்தைகளுக்கு ஆபத்து 2 மடங்குக்கு மேல! ஊர் முழுக்க ஊசியை முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தப்ப சிகரெட் சத்தமில்லாம வீட்டுக்குள்ள புகைஞ்சுக்கிட்டிருந்திருக்கு.

"பார்த்தீங்களா, அப்பாதான் காரணம்!"னு உடனே கிளம்பிடாதீங்க. கணக்குப் போடுங்க. வருஷத்துக்கு 1 லட்சம் குழந்தைகள்ல ஒருத்தருக்கு வருதுன்னு வெச்சுக்குவோம். 2 மடங்குன்னா ரெண்டு பேர். மிச்சம் 99,998 பிள்ளைகளுக்கு, அதே புகைக்கு நடுவுல வளர்ந்தும், அந்த வருஷம் வரலை. அந்த ரெண்டு பேர்ல யாருக்குப் புகையால வந்ததுன்னு எந்த டாக்டராலயும் கைகாட்ட முடியாது. (மத்த நூறு காரணங்களுக்காக சிகரெட்டை விட்டுத் தொலையுங்க, அது வேற விஷயம்.)

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். காரணிகள் எல்லாம் இனிமே வரப்போறதைக் குறைக்கறதுக்கு. வீட்டுக்குள்ள புகை வேண்டாம், பிள்ளைங்க ஓடியாடட்டும், தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே நோய் வந்துட்ட வீட்டுல போய் இதே பட்டியலை வாசிச்சா அது அறிவியல் இல்லை, குத்திக்காட்டறது. அந்த வீட்டுக்கு வேண்டியது சீக்கிரமான சிகிச்சை. 10 வயசுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஃபிங்கோலிமாட் மாத்திரையை 2018லயே அமெரிக்காவுல அனுமதிச்சாச்சு. "யாரால வந்தது?"ன்னு வீட்டுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு நிக்கற ஒவ்வொரு மாசமும் அந்தக் குழந்தையோட நரம்புக்குத்தான் நஷ்டம்.

'காரணி'க்குப் பதிலா 'ஆபத்துக்கூட்டி'ன்னு வெச்சா என்ன? கொஞ்சம் கரடுமுரடாத்தான் இருக்கு :-) ஆனா கூட்டுதுங்கற உண்மையை மட்டும் சொல்லும், யாரையும் கூண்டுல ஏத்தாது. இதைவிட நல்ல சொல் தோணினா நீங்களே சொல்லுங்க மக்களே, சந்தோஷமா மாத்திக்கறேன்.