தமிழ்க் கோப்புப் பெயர்களும் இயங்குதள வேறுபாடுகளும்: ஒரு கருத்துரை

முன்னுரை

ஓலைச்சுவடியோ அச்சு நூலோ ஆய்வேடோ கணினிக்குள் செல்லும்போது கோப்பாகிறது. அதைக் கண்டறிவதற்குரிய முதல் அடையாளம் அதன் பெயரே. ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கையில் அப்பெயர் மாறுமாயின் தேடலும் மேற்கோளும் பிழைபடும். ஆகவே கோப்புப் பெயர் மாற்றத்தை மென்பொருளாளர் பணியாக மட்டும் விட்டுவிடாமல், மூலபாடப் பாதுகாப்பின் ஒரு கூறாகத் தமிழ்த்துறைகள் கருத வேண்டும்.

ஒரு பெயர், இரு வடிவம்

ஒருங்குறியில் ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளையும் 'ஔ' என்னும் எழுத்தையும் இரு வகையில் குறிக்கலாம். 'தொ' என்பதைத் தகரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண்களில் எழுதலாம். தகரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியெண்களிலும் எழுதலாம். முன்னது கூட்டு வடிவம். பின்னது பிரி வடிவம். இரண்டும் நிகரானவை என்பதே ஒருங்குறித் தரத்தின் வரையறை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறும். ஆதலால் ஏழெழுத்துப் பெயராகிய 'தொல்காப்பியம்' கூட்டு வடிவில் 39 பைட்டுகளாகவும் பிரி வடிவில் 42 பைட்டுகளாகவும் அமையும். திரையில் வேறுபாடு தோன்றாது.

இயங்குதளங்கள் இவ்விரு வடிவங்களையும் ஒரே வகையில் கையாளவில்லை. மேக் கணினிகளில் 1998 முதல் வழங்கிய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரி வடிவுக்கு மாற்றியே சேமித்தது. 2017இல் அதனிடத்தில் வந்த ஏ.பி.எஃப்.எஸ். தரப்பட்ட வடிவத்தைக் காத்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றெனக் கொள்கிறது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். இரண்டையும் வெவ்வேறாகவே கொள்கிறது. லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 முறைமையிலும் பொதுவாக அதுவே நிலை. எனவே அவற்றில் ஒரே கோப்புறையில் இரண்டு 'தொல்காப்பியம்' இருக்க இயலும். அக்கோப்புறையை மேக் கணினிக்குப் படியெடுக்கையில் ஒன்றின் மீது மற்றொன்று எழுதப்பட்டு அழிய நேரலாம். இரண்டும் வெவ்வேறு பாட வேறுபாடுகளைக் கொண்ட பதிப்புகளாயின் இழப்பு பெரிது.

நீளமும் சிக்கலே. இ.எக்ஸ்.டி.4 முறைமையில் பெயரின் எல்லை 255 பைட்டுகள். அதாவது 85 தமிழ்க் குறியெண்கள். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் எழுத்துக்கணக்கில் இது மேலும் சுருங்கும். விண்டோஸில் ஏற்கப்பட்ட நீண்ட ஆய்வுத் தலைப்பு இங்கு ஏற்கப்படாமற் போகலாம். மறுதலையாக, லினக்ஸ் ஏற்கும் முக்காற்புள்ளியையும் வினாக்குறியையும் விண்டோஸ் பெயரில் ஏற்பதில்லை.

உரோமன் எழுத்து தீர்வாகுமா?

பெயர்களை உரோமன் எழுத்தில் இட்டால் போதும் என்பர் சிலர். துணைக்குறிகளை நீக்கி எழுதினால் பலம், பழம், பாலம் ஆகிய மூன்றும் ஒரே வடிவாகும். துணைக்குறிகளுடன் எழுதினாலோ, ழகரத்துக்குரிய கீழ்க்கோட்டெழுத்தும் நெடிலுக்குரிய மேற்கோட்டெழுத்தும் அதே கூட்டு, பிரி வடிவச் சிக்கலுக்கு உட்படும். எனவே குறை தமிழெழுத்தினுடையது அன்று. நிகரான வடிவங்களை மென்பொருள் நிகராகக் கொள்ளாமையே குறை.

செய்யத்தக்கவை

புதிய பெயர்களைக் கூட்டு வடிவில் சேமிப்பதும், ஒப்பிடுமுன் இரு பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொணர்வதும் மென்பொருளின் கடமைகள். கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில், மேக் கணினியின் பெயர்களைக் கூட்டு வடிவுக்கு மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஏற்கெனவே உள்ளது. இரு பெயர்கள் மோதினால் மென்பொருள் தானே முடிவெடுக்காமல் பயனரிடம் வினவ வேண்டும். ஏற்கப்படாத குறிகளை மாற்ற நேரின், பழைய பெயரையும் புதிய பெயரையும் பட்டியலில் பதிவு செய்ய வேண்டும். மீட்க இயலாத மாற்றம் அழிப்பே ஆகும். நெடுங்காலச் சேமிப்பில் கோப்புக்குக் குறுகிய எண்ணடையாளமும், அட்டவணையில் முழுத் தமிழ்த் தலைப்பும் இருத்தல் நலம்.

முடிவுரை

ஏடெழுதுவோர் பிழைகளை ஆராய்ந்து பாடந் தெளிந்த மரபு பதிப்பியலுடையது. கணினியும் இன்று ஒரு படியெடுப்போனாக நிற்கிறது. அது செய்யும் மாற்றங்களையும் அதே விழிப்புடன் நோக்குதல் பதிப்பாசிரியரின் பொறுப்பாகும்.