கை வேலையில் இருந்தால் காது அடைத்துக்கொள்ளுமா?

பாத்திரம் தேய்க்கும்போது பாட்காஸ்ட் கேட்கிறேன், அதில் நாலு விஷயம் தெரிந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் ஒரு படிப்பா? இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவது" என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பில் கொஞ்சம் உண்மை உண்டு. மீதியெல்லாம் பள்ளிக்கூட பெஞ்சு பழக்கிவிட்ட எண்ணம்.

கை ஓரிடத்தில் இருந்தால் மனசு இன்னோரிடத்தில் நிற்காது என்பது முதல் வாதம். 1865இல் ஹவானாவின் எல் ஃபிகரோ சுருட்டுத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. வரிசையாக உட்கார்ந்து தொழிலாளிகள் புகையிலை சுருட்ட, ஒருவர் அவர்களுக்குச் செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். வாசிப்பவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி இல்லை, கேட்டவர்கள்தான். எழுத்தே தெரியாதவர்கள்கூட நாட்டு நடப்பையும் நாவலையும் வைத்து வாதாடினார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி இதற்குத் தடை போட்டது. 1931இல் அமெரிக்காவின் டாம்பா நகரில் சுருட்டு முதலாளிகளும் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். தீவிர அரசியலை ஊட்டுகிறார்கள் என்பது புகார். மண்டையில் ஏறாத ஒன்றை யாராவது மெனக்கெட்டுத் தடை செய்வார்களா? நம் பக்கத்துக் கண்ணூரிலும் பீடிக் கொட்டகைகளில் ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அந்த நேரத்துக்கு அவர் சுருட்ட வேண்டிய பீடியை மற்றவர்கள் சேர்த்துச் சுருட்டிக் கொடுப்பார்கள். கேட்டது வீண் என்றால் அந்தக் கூடுதல் உழைப்பு எதற்கு?

ஆனால் எந்த வேலையும் செய்துகொண்டே கேட்கலாம் என்றால் அது பொய். 1974இல் பேட்லியும் ஹிட்சும் முன்வைத்த நினைவுக் கோட்பாட்டின்படி, பேச்சைத் தாங்கிவைக்கும் இடம் வேறு, காட்சியையும் இடஅமைப்பையும் தாங்கிவைக்கும் இடம் வேறு. வெங்காயம் உரிக்கலாம், துணி மடிக்கலாம். வாட்ஸ்அப்பில் பதில் அடித்துக்கொண்டோ மளிகைக் கணக்கு கூட்டிக்கொண்டோ கேட்டால் சொல்லோடு சொல் முட்டிக்கொள்ளும். அப்போது ஏறவில்லை என்று பாட்காஸ்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கண்ணால் படிப்பதே உசத்தி என்பது அடுத்தது. இதற்குச் சான்று இருக்கிறது, மறைப்பானேன்? 2010இல் டேனியல், வூடி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை ஒலிவடிவில் கேட்ட மாணவர்கள் படித்தவர்களைவிடக் குறைந்த மதிப்பெண்தான் வாங்கினார்கள். அதேசமயம், சம்பவங்களாக விரியும் ஒரு வரலாற்று நூலை வைத்துச் செய்த 2016 ஆய்வொன்றில், கேட்டவர்களுக்கும் படித்தவர்களுக்கும் புரிதலில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. சரக்கைப் பொறுத்தது. தேற்றமும் சூத்திரமும் காதுக்கு ஆகாது. வரலாறு, வாழ்க்கைக் கதை, ஒரு தொழிலின் நெளிவுசுளிவு எல்லாம் தாராளமாக ஆகும். 1960களில் ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்ட தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். கேட்டதோடு நிற்காமல் வயலில் இறக்கியும் பார்த்தார்கள்.

கேட்டது மறந்துவிடுகிறதே என்பார்கள். படித்தது மட்டும் அப்படியே நிற்கிறதா? ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டியது இது: திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, கேட்டதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் செய்யாமல், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அடுத்த எபிசோடுக்குத் தாவுகிறவர்களைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை.

மனசுக்குக் கொஞ்சம் சும்மா இருக்கும் நேரமும் வேண்டும் என்கிறார்களே, அது நியாயம். காதில் எதுவும் மாட்டாமல் ஒரு நடை போய்வரலாம். ஆனால் "உட்கார்ந்து நிதானமாகப் படி" என்று உபதேசிக்கிறவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் இல்லை. தேய்க்கிறவருக்கு உட்காரும் நேரம் கிடைக்கும்போது மணி பத்தரை, கண் சொக்கிப்போயிருக்கும். அவரிடம் புத்தகத்தை நீட்டுவதற்கு முன் பாதிப் பாத்திரத்தையாவது வாங்கித் தேய்க்கட்டும்.