பன்னிரண்டு வரை சரி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் என் தமக்கையின் பேரன், மடிக்கணினியும் கையுமாக வந்து என் சாய்வு நாற்காலிக்கு அருகில் அமர்ந்து, "தாத்தா, ரெண்டும் ஒரே கணக்குதான், ஆனா வேற வேற விடை வருது. எது சரி?" என்று கேட்டான். ஒன்று முதல் பதின்மூன்று வரையுள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கும் சிறு நிரல் ஒன்றை, பதினோராம் வகுப்பில் படித்த சி++ மொழியிலும், இவ்வாண்டுப் பாடமாகிய பைத்தானிலும் எழுதியிருந்தான். பைத்தான் 6227020800 என்றது. சி++ 1932053504 என்றது. பன்னிரண்டு வரை இரண்டும் ஒரே குரலில் பேசிவந்தன என்பதுதான் அவனுக்குப் பெரும் புதிர். சி++ வேகமானது, பைத்தான் மந்தமானது என்று பலமுறை கேட்டிருந்தபடியால், தவறு மந்தமானதன் பக்கமே இருக்க வேண்டும் என்று பாதி தீர்மானித்தும் விட்டிருந்தான்.

பத்தும் ஐந்தும் இரண்டும் அடங்கிய பெருக்கத்தின் விடை இரண்டு பூஜ்யங்களிலாவது முடிய வேண்டாமா என்று கேட்டேன். 04 என்று முடிந்த எண்ணை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரு மொழிகளின் வேகத்தையும் அவை கொள்ளும் நினைவகத்தையும் ஒப்பிட்டு நம்மவர் நடத்தும் வாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள்ள ஆட்சேபம் ஒன்றுதான்: எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்கிறார்களே ஒழிய, அந்தச் செலவுக்கு என்ன வாங்கினோம் என்று எவரும் விசாரிப்பதில்லை. சி++ மொழியில் சாதாரணமாக நாம் எடுத்தாளும் முழு எண் நான்கு பைட் இடத்தில் அடங்குவது. 2147483647 என்பதே அதன் உச்ச வரம்பு. அதற்குமேல் போனால், நிரம்பிய படியில் மேலும் கொட்டிய நெல்லைப் போல மிகுதி சிந்திவிடுகிறது. சிந்தியது என்று சொல்வாரும் இல்லை. எட்டு பைட் கொண்ட பெரிய வகையை எடுத்துக்கொண்டால் இருபது வரை தாங்கும் என்பது வாஸ்தவமே. ஆனால் இருபத்தொன்றில் அதே கதைதான்.

பைத்தானிலோ, இன்று பரவலாக வழங்கும் 64 பிட் கணினிகளில், ஒரு சிறு எண்ணுக்கே 28 பைட் செலவாகிறது. அதனை எத்தனை பேர் சுட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்குக்கு எட்டு, அது எந்த வகையைச் சேர்ந்தது என்ற குறிப்புக்கு எட்டு, அதன் நீளத்தைச் சொல்ல எட்டு என்று போக, எண்ணுக்கென்று எஞ்சுவது நான்கே பைட். முன்னது அஞ்சலட்டை என்றால், பின்னது அதே நான்கு வரியை உறையிட்டு, அரக்கு வைத்து, ஒப்புகைச் சீட்டும் இணைத்து அனுப்பும் பதிவுத் தபால். அவ்வெண்ணை ஒரு பட்டியலில் வைத்தால், அது இருக்கும் இடத்தைச் சுட்ட இன்னும் எட்டு பைட் வேண்டும், ஆக 36. பத்து லட்சம் எண்களுக்குச் சி++ 40 லட்சம் பைட்டில் முடிக்கும் காரியத்துக்குப் பைத்தான் 360 லட்சம் கேட்கிறது.

காலதாமதத்தின் மூலமும் இவ்வுறைதான். இரண்டு எண்களைக் கூட்டுமுன் ஒவ்வொரு முறையும் உறையைப் பிரித்து, "நீ எந்த வகை?" என்று விசாரித்து, விடையைப் புதியதோர் உறையிலிட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது, சி++ கம்பைலரோ இவ்விசாரணை முழுவதையும் நிரல் ஓடத் தொடங்குமுன்பே முடித்துவிடுகிறது. போர்ச்சுகல் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் 27 மொழிகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட அளவீட்டில், சி மொழி ஒரு பங்கு நேரம் எடுத்த வேலைகளுக்குச் சி++ 1.56 பங்கும் பைத்தான் 71.90 பங்கும் எடுத்தன. ஆனால் அதே அளவீட்டில், பைத்தான் கொண்ட நினைவகம் சி++ கொண்டதைப்போல இருமடங்கை ஒட்டித்தான் இருந்தது. சற்றுமுன் நான் ஒன்பது மடங்கு என்று கணக்குக் காட்டினேன், இரண்டும் மெய்தான். எந்த வேலையைக் கொடுத்து அளந்தோம் என்று சொல்லாமல் மடங்கை மட்டும் சொல்லுகிறவரிடம் சற்று ஜாக்கிரதையாக இருப்பது நலம். (ஒன்று முதல் பல கோடி வரை கூட்டச் சொல்லி ஒரு சுழலை எழுதினால், கெட்டிக்காரக் கம்பைலர் ஒன்று அச்சுழலையே தூக்கியெறிந்துவிட்டு, பள்ளிச் சூத்திரத்தைக் கொண்டு விடையைப் போட்டுவிடுவதும் உண்டு. அதை வேகம் என்று கைதட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

ஆதலால் சிக்கனம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயமன்று. மாணவர்கள் விளக்கெரிக்கவும் மோட்டாரைச் சுழற்றவும் வாங்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் நிரலின் மாறிகளுக்கென்று இருப்பது 2048 பைட்தான். பைத்தானின் உறைகளை அங்கே அடுக்கினால் 73 எண்களோடு இடம் தீர்ந்துபோகும். அங்கே சி++ தான் அரசு. ஒரு வகுப்பின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி பார்க்கும் ஆசிரியருக்கோ, அரை வினாடி மிச்சமாவதைக் காட்டிலும், எண்ணின் வரம்பைப் பற்றிய கவலை ஒழிவதே பெரும் பிரயோஜனம்.

நம் பாடநூலை வகுத்தவர்களுக்கு இது தெரியாததன்று. பதினோராம் வகுப்பில் ஒன்றையும் பன்னிரண்டில் மற்றொன்றையும் வைத்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு நூலின் பிற்பகுதியில், சி++ நிரலைப் பைத்தானிலிருந்தே அழைத்து இயக்கும் பாடம் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். பெருங்கணக்குகளுக்குப் பைத்தான்காரர்கள் நாடும் நம்பை என்ற தொகுதியின் உள்ளிருந்து உழைப்பதும் பெரும்பாலும் சி மொழியே. இவ்வளவு தூரம் வந்தவர்கள் இன்னும் ஓரடி வைத்து, ஒரே கணக்கை இரு மொழியிலும் எழுதி, நேரத்தையும் இடத்தையும் மாணவனே அளந்து எழுதும் பயிற்சி ஒன்றைச் செய்முறைத் தேர்வில் சேர்க்கலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை; அந்தப் பாடத்தில் வரும் சிஸ் மாட்யூலிலேயே பைட் அளவைச் சொல்லும் கட்டளை இருக்கிறது.

அன்று மாலை பேரன் அக்கட்டளையைத் தட்டிப் பார்த்தான். பன்னிரண்டு வரை பெருக்கிய விடையைக் கொடுத்தபோது 28 என்று வந்தது. பதின்மூன்று வரை பெருக்கியதைக் கொடுத்தான். 32 என்று வந்தது.