பார்வையற்றோரும் அரசு வேலையும்

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி திருவனந்தபுரம் சப் கலெக்டராகப் பொறுப்பேற்றார் பிராஞ்சல் பாட்டீல். மராட்டிய மாநிலம் உல்லாஸ்நகரைச் சேர்ந்த இவர் ஆறு வயதில் பார்வையை இழந்தவர். நாட்டின் முதல் பார்வையற்ற பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று பத்திரிகைகள் அவரைப் பாராட்டின. பாராட்டு தகும். ஆனால் அந்த நாற்காலிக்கு அவர் எவ்வழியே வந்தார் என்பதையும் மக்கள் அறிய வேண்டும்.

சிவில் சர்வீஸ் தேர்வில் 2016-ல் அவருக்கு 773-ஆவது இடம் கிடைத்தது. ரயில்வே கணக்குப் பணியும் ஒதுக்கப்பட்டது. பிறகு, முற்றிலும் பார்வை இல்லை என்ற காரணத்தைக் காட்டி ரயில்வே அவரை ஏற்க மறுத்துவிட்டது. அவர் மீண்டும் தேர்வு எழுதி, 2017-ல் 124-ஆவது இடம் பெற்றார். கணக்குப் பணிக்கே ஆகாது என்று திருப்பி அனுப்பப்பட்டவரிடம், ஒரு மாநிலத் தலைநகரின் வருவாய் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது!

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைனின் கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. ரயில்வே ஊழியர் ஒருவரின் மகளான அவர், பாங்க் அதிகாரியாக இருந்துகொண்டே தேர்வில் 343-ஆவது இடம் பெற்றார். முற்றிலும் பார்வையற்ற ஒருவர் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தது 2015-ல் அவர் மூலமாகத்தான். முடிவு வெளிவந்து ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த பின்னரே அவருக்கு நியமனம் கிட்டியது. 2008-ஆம் ஆண்டுத் தேர்வை எழுதிய மற்றொரு பார்வையற்றவருக்கோ, 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது. இடையில் ஓடியவை பதினாறு ஆண்டுகள்.

இவர்கள் எவரிடமும் திறமைக்குக் குறைவில்லை. தேர்வில் வென்ற பின்னர் ஆபீஸ் வாசலில்தான் தடுக்கப்பட்டார்கள். சட்டத்திலும் குறை இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டமே அரசு வேலையில் பார்வையற்றோருக்கு ஒரு சதவீதம் ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை உறுதி செய்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 50 லட்சம் பேர். சட்டம் தந்த இடங்களை நிரப்பாமல் தேக்கி வைப்பது இவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

"ஃபைலை எப்படிப் படிப்பார்?" என்று கேட்போர் இன்றும் உண்டு. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இலவசமாகக் கிடைப்பவையும் உள்ளன. ஆனால் பக்கத்து மேஜைக்காரர் கடிதத்தைக் கோணலாகப் படம் பிடித்து அனுப்பினாலோ, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்தாலோ அந்த மென்பொருள் திணறிப்போகும். யூனிகோடில் டைப் செய்து அனுப்பச் செலவு ஏதும் இல்லை. குமாஸ்தாக்கள் இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டாலே பார்வையற்ற சக ஊழியரின் பாதிச் சுமை குறைந்துவிடும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையோரத்தில் உள்ள வித்துராவுக்கு இச்செய்தி மிகவும் வேண்டியது. போனக்காடு எஸ்டேட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் கொழுந்து பறித்த ஊர் அது. இன்று அங்கே மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமும் இயங்குகிறது. இத்தகைய ஊரில், பார்வை இல்லை என்பதற்காக ஒரு குழந்தை லயத்து வீட்டுத் திண்ணையிலேயே வளர்ந்துவிடக் கூடாது.

பெற்றோர் அறிய வேண்டியவை சில உண்டு. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை இருக்கிறது. திருவனந்தபுரம் வழுதக்காட்டில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டில் வாங்கிய ஊனச் சான்றிதழ் கேரளத்திலும் செல்லும். சட்டப்படி அது நாடு முழுவதற்கும் பொது. தேர்வில் சொல்வதை எழுத ஆளும், மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம். இவை சலுகை என்று கூசி ஒதுங்க வேண்டியதில்லை.

தோட்டங்களுக்கே டாக்டர்கள் வந்து சான்றிதழ் வழங்கும் முகாம்களை அரசு நடத்த வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி நகரத்துக்கு அலையத் தொழிலாளியால் இயலாது. நிரப்பாமல் கிடக்கும் ஒரு சதவீத இடங்கள் எத்தனை என்பதை ஒவ்வொரு இலாகாவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பத்திரிகைகளின் பாராட்டைவிடப் பார்வையற்ற இளைஞருக்குப் பயன்படுவது, உரிய காலத்தில் கைக்கு வந்து சேரும் ஒரு நியமன உத்தரவே.