பாக்கும் தியாகராஜரும் ஒரே வீட்டில்

நம் பள்ளியில் இசைக்கு இரண்டு மூலைகள் உண்டு. சிற்றாலயத்தின் கீபோர்டைச் சுற்றி நிற்கும் பாடகர் குழு ஒன்று. சுருதிப்பெட்டியுடன் ஜமக்காளத்தில் அமரும் கர்நாடக இசை வகுப்பு மற்றொன்று. ஆண்டு விழா நெருங்கினால், யாருக்கு எத்தனை நிமிடம் என்ற வழக்கு சிஸ்டரின் அறை வரை போய்விடும். பெற்றோரும் தம் பங்குக்கு, "இரண்டில் ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொள்" என்பார்கள். சினிமாப் பாட்டை முணுமுணுப்பவளுக்கோ எந்த மூலையிலும் இடமில்லை.

இந்த மூன்று கட்சியாரையும் ஒன்றாக அமரவைத்து ஓர் இசைத்தொகுப்பைக் கேட்கச் செய்யவேண்டும் என்பது எங்கள் கருத்து. இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்பதே அது. இதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்று தலைப்பே கேட்கிறது!

மேல்நாட்டு ராக் குழுவினர் சிலர், உதிரிப் பாட்டுகளை விட்டு ஒரே கருத்தை இசைத்தட்டு முழுவதும் ஓடவிட்டதுண்டு. ஜெத்ரோ டல் என்ற ஆங்கிலக் குழு 1969-இல் பாக்கின் நடன மெட்டு ஒன்றைப் புல்லாங்குழலில் வாசித்தது; 1972-இல் தட்டின் இரு பக்கமும் நிறைய ஒரே பாட்டை வெளியிட்டது. இளையராஜாவின் தொகுப்பு ராக் அன்று. ஆயினும் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை எனலாம்.

பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு இது. பாக் மறைந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். நேரில் சந்தித்திருக்க முடியாத இருவரையும் வயலின்கள் சந்திக்க வைக்கின்றன. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன், இருவரும் பேசினோம், ஒப்பிடாதே என்றெல்லாம் பொருள்படும் தலைப்புகளே ஒரு கதை சொல்லும். 'ஃபியூக்' என்ற அமைப்பில் ஒரு குரல் மெட்டைத் தொடங்கும். அடுத்த குரல் அதையே பெரும்பாலும் பஞ்சமத்திலிருந்து எடுக்கும். மூன்றாவதும் வந்து சேரும். அங்கே யாரும் யாருக்கும் பின்பாட்டு இல்லை. பாக்கின் இந்த வித்தைக்குள் நம் ராகம் நுழைவதைக் கேட்டாலன்றி நம்ப முடியாது.

முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மன். திரைப்பாட்டுகளில் நாம் நாள்தோறும் கேட்டும் பெயரறியாத வாத்தியக் கலைஞர்களில் ஒருவர் அவர். சினிமாக்காரர் இசை பள்ளிக்கு ஆகுமா என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு அண்ணன் பாவலர் வரதராஜனுடன் ஊர் ஊராகப் பாடியவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையும், டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் கற்றார். இரண்டில் ஒன்று போதும் என்று அவர் நின்றிருந்தால் இத்தொகுப்பு ஏது?

பாக்கும் அந்நியர் அல்லர். லைப்சிக் நகரில் 1723 முதல் இறுதிவரை அவர் பணிபுரிந்தது புனித தோமையார் பெயர் தாங்கிய ஆலயத்திலும் பள்ளியிலும்தான். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் பேருந்தேறி வரும் நம் தோழியருக்கு அந்தப் புனிதரைத் தெரியாதா என்ன?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. ஓர் இசை வகுப்பில், பாட்டுக்குப் பாட்டு தாவாமல், தொகுப்பை முதலிலிருந்து போடுங்கள். பின்னர் ஆண்டு விழாவில் இரு குழுக்களின் நிமிடங்களையும் ஒன்றாக்கித் தாருங்கள். கர்நாடக வகுப்பு தொடங்கும் மெட்டைப் பாடகர் குழு பஞ்சமத்திலிருந்து தொடரட்டும். மேடையில் கீபோர்டுக்கு அருகே ஜமக்காளம் விரிக்க இடமிருக்கிறது. நாங்கள் அளந்து பார்த்துவிட்டோம்.